கப்பல் நாளும் ஏரோப்ளேன் நாளும்

கோலாலம்பூர் சுபாங்கில் விமானம் ஏறினால் மீனம்பாக்கத்தில் இறங்க நாலு மணி நேரம்கூட ஆகாதாம். டிக்கெட் எழுதிக் கொடுத்த பெண் சொன்னாள். மெட்ராஸைத் தானே பிடித்து இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த மாதிரி ஒரு பெருமை அவள் முகத்தில். "சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசந்தா போதும் அங்கிள், மெட்ராஸ் வந்துடும்லா" என்றாள். சிரித்து வைத்தேன். மெட்ராஸுக்கு எத்தனை நாள், நாகப்பட்டினத்துக்கு எத்தனை நாள் என்று ஒரு காலத்தில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையே என்னிடம்தான் வந்து நிற்கும் என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு அந்தக் கணக்கில் திமிர் கொஞ்சநஞ்சமில்லை. என் தாயிடம் நான் சொன்ன ஒரு பொய்யைக் கடைசியில் காட்டிக் கொடுத்ததும் அதே கணக்குதான். அதை எழுதிவிட்டுப் பிறகு விமானம் ஏறலாம் என்றிருக்கிறேன்.

முப்பதுகளில் கோலாலம்பூர் பெரிய தபால் நிலையத்தில் எனக்குக் கடிதம் பிரிக்கும் வேலை. பிரிப்பது என்றால் உறையைக் கிழிப்பது இல்லை. மூட்டையைக் கொட்டி, ஊர்வாரியாகப் பிரித்து, அந்தந்த அறையில் போடுவது. கிள்ளானுக்கு ஓர் அறை, காஜாங்குக்கு ஓர் அறை, தோட்டங்களுக்கு ஒரு வரிசை. தமிழ் விலாசமெல்லாம் என் பக்கம் தள்ளப்படும். "இந்தியா, மன்னார்குடி தாண்டி, பெரிய ஆலமரம்" என்று எழுதியிருந்தாலும் எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். கிண்டல் செய்துகொண்டேதான் போடுவேன். ஆனால் சரியான இடத்தில் போடுவேன்.

அதனால் நாள் கணக்கு எனக்கு மனப்பாடம். நாகப்பட்டினத்தில் கப்பல் கிளம்பினால் பினாங்குக்கு ஐந்தாறு நாள். அங்கிருந்து போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, இன்று போர்ட் கிள்ளான் என்கிறார்களே அதற்கு, மேலும் ஒரு நாள். ஊரில் பெட்டியில் போட்ட கடிதம் ரயிலுக்கும் கப்பலுக்கும் காத்துக் கிடந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரப் பன்னிரண்டு நாள் என்றால் அது அதிர்ஷ்டம், பதினைந்து என்றால் வழக்கம். கப்பலின் திறந்த மேல்தட்டில் வரும் ஏழை ஜனங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கப்பல் கரையைத் தொட்டாலும் அவர்கள் ஊருக்குள் வர முடியாது. அம்மை, வாந்திபேதி எதையாவது சுமந்து வந்திருப்பார்கள் என்று துறைமுகத்து முகாமில் ஒரு வாரம் முள்வேலிக்குள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

அப்போதுதான் ஏரோப்ளேன் தபால் வந்தது. மெட்ராஸிலிருந்து ரயிலில் கல்கத்தா. அங்கே விமானம் ஏறி ரங்கூன், பாங்காக், பிறகு நம் அலோர் ஸ்டார். அங்கிருந்து மறுபடி ரயிலில் கோலாலம்பூர். எல்லாம் சேர்த்து ஏழே நாள். உறையின் மூலையில் ஒரு நீலச் சீட்டு ஒட்டியிருக்கும். முதல் நாள் அந்த மூட்டையைக் கொட்டியபோது மேசையைச் சுற்றி நாங்கள் ஆறு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். வானத்தில் வந்த காகிதம் ஏதாவது வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தோம் போலிருக்கிறது. சாதாரணக் காகிதம்தான்.

வெள்ளைக்காரர்களுக்கும் வங்கிகளுக்கும் அது சௌகரியம். நம்முடைய ஜனங்களுக்கு அது சனியனாகப் போனது. ஏன் என்று சொல்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மாடு கன்று போட்டது, இதற்கெல்லாம் எவனும் நீலச் சீட்டு வாங்கமாட்டான். சாவுக்குத்தான் வாங்குவான். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைக்கு வந்த முதல் ஏரோப்ளேன் கடிதம் ஒருவருடைய தகப்பனார் போன சேதி. இரண்டாவது இன்னொருவருடைய தம்பி. மூன்றாவது வந்தபோது தபால்காரர் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே அந்த வீட்டுப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள்.

அதைவிட மோசம், தீட்டுக் கணக்கு. கப்பல் கடிதத்தில் சாவுச் சேதி வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியம் ஊரில் முடிந்திருக்கும். இங்கே இருப்பவன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அழுதுவிட்டு, மறுநாள் வேலைக்குப் போவான். நடுவில் கடல் இருந்தது ஒரு வசதி. ஏரோப்ளேன் அந்தக் கடலை எடுத்துவிட்டது. எட்டாம் நாளே சேதி வந்து வாசலில் நின்றால் மீதி எட்டு நாளும் தீட்டுக் காக்க வேண்டும், மொட்டை போட வேண்டும், நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்த வேண்டும். ஆனால் தீட்டு என்பது சேதி காதில் விழுந்த பிறகுதானே? நம் ஆட்கள் அதில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். நீலச் சீட்டு வந்தால் பிரிக்காமல் வைத்துவிடுவது. நல்ல காரியம் ஏதாவது இருந்தால் அது முடிகிறவரை அரிசி டின்னுக்குப் பின்னால், விறகுக் கட்டுக்கு அடியில் என்று கடிதம் கிடக்கும். இந்தக் கூத்தைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். படிக்காத ஜனங்கள் என்று வாய் கூசாமல் சொல்லியும் இருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனார் ரயில்வேயில் தண்டவாள மேஸ்திரி. தண்டவாளத்தின் அந்த முனையில் நிற்பவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குக் குரலே அந்த அளவில்தான் வரும். ஆவணியில் வைத்த தேதி அவர் பங்காளி வீட்டுச் சாவால் தள்ளிப்போயிற்று. மறுபடி கார்த்திகையில் வைத்தோம். அதை விட்டால் மார்கழி. தை பிறக்கும் வரை ஒன்றும் செய்ய முடியாது. செந்தூல் ரயில் பட்டறை ஃபிட்டர் ஒருவனும் அவளைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னொரு தடவை தள்ளிப்போச்சுன்னா ஜாதகத்துலயே ஏதோ இருக்குன்னு அர்த்தம் மாப்ள. நான் வேற எடம் பாத்துக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் செய்வார். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. அதை எழுத இந்த வயதில் என்ன வெட்கம்?

என் அம்மா மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தாள். நான் ஒரே பிள்ளை. அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். கல்யாணத்துக்கு வா என்று எழுதினேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பள்ளி வாத்தியார்தான் எழுதித் தருவார். பதில் கப்பலில் வந்தது. "தாலி அறுத்தவள் வந்து மணவறைக்குப் பக்கத்தில் நிற்கவா முடியும்? கடல் தாண்டவும் பயமாக இருக்கிறது. நீ நல்லபடியாக முடித்துக்கொள்" என்றிருந்தது. வருத்தம்தான். ஆனால் அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கையில், காலை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், என் கைக்கே என் பெயர் வந்தது. வாத்தியாரின் கையெழுத்து. மூலையில் நீலச் சீட்டு.

ஊரில் பெரியப்பா ஆறு மாதமாகப் படுத்த படுக்கை. அவராகத்தான் இருக்கும். ஒருவேளை அம்மாவாக இருந்தால்? அப்படியும் நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பை மூடிவிட்டேன். பிரித்திருந்தால் தெரிந்திருக்கும். தினமும் ஆயிரம் கடிதத்தைப் பிரிப்பவனுக்கு அன்று ஒன்றைப் பிரிக்கத் தைரியம் வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போனேன்.

அவர் உறையைக் கையால் தொடவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார்.

"பிரிச்சியா?"

"இல்ல மாமா."

"அப்ப இன்னும் ஒண்ணும் நடக்கல. பிரிச்சாத்தான் சேதி. பிரிக்காத வரைக்கும் அது காகிதம்."

"ஏதாவது அவசரமா இருந்தா மாமா?"

"ஏரோப்ளேன்ல வர்ற அவசரம் என்னான்னு உனக்குத் தெரியாதா? போனவங்க போயாச்சு. ஆறு நாள் கழிச்சு அழுதா அவங்க கோவிச்சுக்கப் போறாங்களா? எம்பொண்ணு ரெண்டாவது தடவையா நிக்கணுமா? சொல்லு."

எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது என்பதை ஒளிப்பானேன். சாவுக் கடிதம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவர் சொன்னார். அலுவலக மேசையில் வைத்தால் எவனாவது எடுத்துக் கொடுத்துவிடுவான். கடைசியில் என் சைக்கிள் சீட்டுக்கு அடியில் தொங்கும் சாமான் பையில், ஸ்பானரோடு வைத்து வாரைப் பூட்டினேன். ஆறு நாளும் என் தாயின் கடிதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் வேலைக்குப் போய்வந்தேன்.

கல்யாணம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் நன்றாகவே நடந்தது. நாதஸ்வரக்காரர் கிள்ளானிலிருந்து வந்தார். சாப்பாட்டில் ரசம் மட்டும் உப்புக் கரித்தது. தாலி கட்டும்போது அம்மா இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது; அவள்தானே வரமாட்டேன் என்றாள் என்று அதற்கு உடனே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை கடிதத்தை எடுத்தேன். சேதியைப் படித்ததும் தலை முழுக வேண்டுமே, அதற்காக இடுப்பில் துண்டோடு பொதுக் குழாயடியில் போய் நின்றேன். புது மனைவி வாளியில் தண்ணீர் பிடித்துத் தயாராக வைத்திருந்தாள். உறையைக் கிழித்தேன். அது முக்கால் பக்கம்தான்.

அம்மா வருகிறாளாம். வரமாட்டேன் என்று எழுதிய நாளிலிருந்து தூக்கமில்லையாம். வருகிற வியாழக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறாளாம். "கப்பலில் எழுதினால் கடிதமும் உன் தாயாரும் ஒரே கப்பலில்தான் வருவார்கள் என்பதால் ஆகாயத் தபாலில் அனுப்புகிறேன்" என்று வாத்தியார் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார். முகாமில் சில நாள் வைப்பார்களென்று கேள்விப்பட்டதாகவும், அதே கார்த்திகையில் நான் வைத்த தேதிக்கு ஒன்பது நாள் கழித்து இன்னொரு நல்ல முகூர்த்தம் இருப்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டதாகவும், அதற்கு மாற்றி வைக்கும்படியும் எழுதியிருந்தது. கடைசி வரி அம்மா சொல்லச் சொல்ல எழுதியது: "நான் வரும் வரைக்கும் பொறு தம்பி."

படித்து முடித்துவிட்டு அப்படியே நின்றேன். "யாருங்க?" என்று மனைவி கேட்டாள். செத்தது யார் என்று கேட்கிறாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வாளித் தண்ணீரைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டேன். அழுவது தெரியக் கூடாது என்றுதான்.

நாள் கணக்கு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை ஏறினால் அடுத்த வியாழன் போர்ட் சுவெட்டன்ஹாம். கல்யாணம் சனிக்கிழமை. தாலி கட்டிய நேரத்தில் என் தாய் முப்பது மைலுக்குள் இருந்திருக்கிறாள். ரயிலில் ஒன்றரை மணி நேரம்.

அன்றைக்கே மனைவியோடு ரயில் ஏறினேன். முகாமில் வேலிக்கு வெளியே நின்று பேச அனுமதித்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கப்பலில் வந்த களைப்பில் பாதி ஆளாகியிருந்தாள். வெள்ளைப் புடவை பழுப்பேறிக் கிடந்தது. என்னைப் பார்க்கவில்லை, முதலில் என் மனைவியின் கழுத்தைப் பார்த்தாள். புது மஞ்சள் கயிறு.

"ஆயிடுச்சா?" என்றாள்.

"ஆயிடுச்சும்மா."

"கடுதாசி வரலையா தம்பி?"

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் யோசிக்கவே இல்லை. "வரலைம்மா" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. "அதானே பாத்தேன்" என்றாள். "வந்திருந்தா நீ நிறுத்தி வச்சிருப்பியே. கப்பலடிக்கு நீ வரலையா, ரெண்டு நாளா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். வந்தும் எம்புள்ள எனக்காவ நிக்கலையோன்னு. இப்பதான் நிம்மதியாச்சு."

பிறகு அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். "விடு. நான் வந்திருந்தாலும் தூணுக்குப் பின்னாடிதான் நின்னிருப்பேன். இங்க வேலிக்குப் பின்னாடி நின்னேன். என்னா வித்தியாசம்? முகூர்த்த நாளு எனக்குத் தெரியும்ல. காலையில குளிச்சிட்டு, காவக்காரன்கிட்ட கோலாலம்பூரு எந்தப் பக்கம்னு கேட்டேன். கையக் காட்டுனான். சோத்துக்குக் குடுத்த அரிசியில ஒரு கை எடுத்து அந்தப் பக்கமாப் பாத்துப் போட்டேன். அங்கன்னா எங்கையால அட்சதை போட உட்டுருப்பாங்களா? இங்க யாரும் ஏன்னு கேக்கல."

மூன்று நாள் கழித்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். திரும்பிப் போகவே இல்லை. எங்களோடு பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்துவிட்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஆயிரம் சமயம் கிடைத்தது. ஒவ்வொரு சமயத்திலும் அந்த வேலியடியில் தெளிந்த முகம் நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிடும். மேஸ்திரி மாமாவிடம் மட்டும் சொன்னேன். முதல் முறையாக அவர் குரல் தாழ்ந்து கேட்டேன். "நம்ம ரெண்டு பேரோட போவட்டும்" என்றார்.

என் மனைவி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. வீட்டில் நான் ஏதாவது மழுப்பினால், "கடுதாசி வரலைன்னு சொல்லிடுங்க" என்பாள் மெதுவாக. நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

அம்மாவோ ஏரோப்ளேன் தபாலின் ஜென்ம விரோதியாகிவிட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அத நம்பாதீங்க. நான் போட்டது இன்னி வரைக்கும் வந்து சேரல. எங்க கடல்ல விழுந்துச்சோ! கப்பலுதான் நிசம்" என்று பிரசங்கம். தபால் இலாகாவில் சம்பளம் வாங்கும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டும். ஆட்டினேன். பக்கத்து வீட்டில் ஒருமுறை மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தபோது நீலச் சீட்டுக் கடிதம் வந்து, அவர்கள் அதைப் பிரிக்காமல் விறகுக்கு அடியில் செருகினார்கள். அம்மாவுக்கு அந்த வழக்கம் அன்றுதான் தெரிந்தது. "எவ்வளவு தூரம் தாண்டி வந்த கடுதாசி! அதப் பிரிக்காம வக்கிறதாவது! எழுதுனவ வயிறு எரியாதா? என்னா மனுசங்கடா நீங்க?" என்று வாசலில் நின்று திட்டினாள். நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

என்னிடமிருந்து நாள் கணக்கையும் கற்றுக்கொண்டாள். விரல் கணுவில் எண்ணுவாள். ஊருக்கு எழுதிப் போட்ட அன்று ஆரம்பித்து, போக இத்தனை, பதில் எழுத மூன்று, வர இத்தனை என்று முப்பத்துமூன்றாம் நாள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் முன்னே பின்னே இருக்குமே தவிரத் தவறாது. சில வருஷத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பத்தாண்டின் முடிவில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மாசி மாதம். மூச்சு வாங்கும், தலையணை வைத்துச் சாய்ந்தபடியே இருப்பாள். ஊரில் அவளுக்கு ஒரு தங்கை, என் சின்னம்மா. வயசுக் காலத்தில் கடல் தாண்டிப் போகாதே என்று அவள் தடுக்க, இவள் கிளம்ப, இருவரும் சண்டை போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்தியவர்கள். அத்தனை வருஷமாக அம்மா அவளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னதில்லை. அன்று சொன்னாள். "இன்னும் எம்மேல கோவமா இருக்கியான்னு கேளு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் எழுத வேணாம்."

எழுதினேன். "ஏரோப்ளேன்ல போடவாம்மா? சீக்கிரம் போகும்" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி" என்றாள். "எனக்கு ஒரு கடுதாசிதான் எழுத முடியும். அது போய்ச் சேரணும். கப்பல்லயே போடு."

முப்பத்துமூன்று நாள் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அலுவலகத்துக்குப் போய் நானே நீலச் சீட்டை ஒட்டினேன். பதிலையும் ஏரோப்ளேனில்தான் அனுப்ப வேண்டும் என்று சின்னம்மா மகனுக்குத் தனியாக ஒரு துண்டுக் காகிதம் வைத்தேன். பதில் வந்தால் முப்பத்துமூன்றாம் நாள் வரை பூட்டி வைத்திருந்து, கப்பலில் வந்ததாகச் சொல்லிக் கொடுப்பது என்று திட்டம். முதல் பொய்யைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி.

பதினைந்தாம் நாள் பதில் வந்துவிட்டது. என் மேசையிலேயே, என் கைக்கே வந்தது. அன்று காலைதான் டாக்டருக்கு அடுத்தபடியான ஆஸ்பத்திரி டிரஸர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மூணு நாள்தான் அண்ணே. யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்க" என்று போயிருந்தார்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போனால் அவள் நாளை எண்ணுவாள். எண்ணினால் எல்லாம் தெரிந்துவிடும். சாகப்போகிற நேரத்தில் அந்த நிம்மதியையும் பிடுங்க வேண்டுமா? கொடுக்காவிட்டால் தங்கையின் பதில் தெரியாமலே போய்விடுவாள். சின்னம்மா தானாகவே எழுதினாள், கடிதங்கள் வழியில் தாண்டிக்கொண்டன என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பொய் சொல்லிப் பழகியவன் புத்தி எப்படியெல்லாம் போகிறது பாருங்கள்!

மனைவி வெளியே வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். மூலையில் இருந்த நீலத்தையும் பார்த்தாள்.

"இதையும் சைக்கிள் பையில வக்கப் போறீங்களா?" என்றாள்.

உள்ளே போனேன். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"சின்னவகிட்டேருந்தா?"

"ஆமாம்மா."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கை நீட்டினாள். உறையை அவள் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தாள். பிறகு, நான் பயந்தபடியே, கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏற ஆரம்பித்தது.

"பௌர்ணமிக்கு மறுநாளு போட்ட. இன்னிக்கு அமாவாசை போயி ஒருநாளு." விரல் நின்றது. "பதினஞ்சு. கப்பலு போய்ச் சேரத்தானே அது சரியா இருக்கும் தம்பி."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏரோப்ளேன்லயா போட்ட?"

"ஆமாம்மா."

"போயும் வந்துடுச்சு."

"ஆமாம்மா."

அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் என் மனைவியின் வளையல் சத்தம் கேட்டது.

"அப்ப அதுவும் வந்திருக்கும்" என்றாள்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உறையைத் திரும்ப என் கையில் வைத்தாள்.

"சரி" என்றாள். "இதையாவது பிரி."